பென்சிலால் எழுதிய இரண்டு மட்டைகள்

ஸ்கீவ நகரத்துத் தமிழர்களுக்கு மஞ்சள் அட்டை வரத் தொடங்கிய காலத்தில் எனக்கு அங்கே இரண்டு வேலை இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்களுக்கு வார்னிஷ் அடிப்பேன். திங்களும் வியாழனும் காலையில் ஒரு டொக்டரின் கிளினிக்கில் மொழிபெயர்ப்பேன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் குறைவு, பெருமை அதிகம். எங்கள் ஆட்கள் என்னை வீதியில் கண்டால் சைக்கிளை நிறுத்திக் கதைத்தார்கள்.

மஞ்சள் அட்டை என்பது டேனிஷ் அரசாங்கம் தருகிற வைத்திய அட்டை. அகதி முகாமில் இருந்தவரைக்கும் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கிருந்த தாதியிடம் போவோம். வதிவிட அனுமதி கிடைத்து ஊருக்குள் குடியேறியதும் அந்த ஏற்பாடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மற்ற எல்லாரையும் போல நாங்களும் ஊரில் ஒரு டொக்டரைத் தெரிவு செய்து விண்ணப்பப் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய பெயரை அட்டையில் அச்சடித்து அனுப்புவார்கள். அவரைப் பார்ப்பதற்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அவர் கடிதம் தந்தால்தான்.

ஒரே வருடத்தில் இவ்வளவு தமிழ்க் குடும்பங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும், கிளினிக்கின் செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றித் தந்து, "நாங்கள் என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். ஐம்பது வயது தாண்டிய, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் மனுசி. நான் சொன்னேன்: எங்கே நோகிறது என்று கேட்டால் உடம்பு முழுக்க என்பார்கள், பொறுமையாக இருங்கள். ஒருவருக்கு நோயென்றால் நாலு பேர் வருவார்கள், கதிரை போடுங்கள். ஊசி போடாவிட்டால் வைத்தியம் நடந்ததாகவே நம்ப மாட்டார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தை ஆயத்தம் செய்வதுதான் பெரும்பாடு. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுத்து நேரம் கேளுங்கள், நேரே வந்து வாசலில் நிற்காதீர்கள், ஒருவரின் அட்டையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிப் படி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லாரும் தாளை வாங்கிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினார்கள். பிறகு நேரே வந்து வாசலில் நின்றார்கள்.

எனக்கு இந்த வேலை புதிதல்ல. ஊரில் நான் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் இலக்கத் துண்டு கொடுக்கிற கிளாக்கராக இருந்தவன். காலையில் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். துண்டு முடிந்தால் முடிந்ததுதான். ஆனால் மேசை லாச்சிக்குள் இரண்டு மூன்று துண்டை எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பேன். தெரிந்த வாத்தியார் வருவார், மச்சானின் தாய் வருவா, அவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? யாரும் அதைக் களவென்று சொன்னதில்லை. நானும் அப்படி நினைத்ததில்லை.

ஸ்கீவ நகரத்தில் தமிழர்களுக்குத் தெரிவு இரண்டு. ஒன்று எங்கள் டொக்டர், வயதானவர், ஆறடிக்கு மேல் உயரம். மற்றது, புகையிரத நிலையத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த பெண் டொக்டர், முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் டொக்டர் ஆரம்பத்திலேயே நெஞ்சு நோவென்று போன ஒருவரை உடனே அம்புலன்சில் ஏற்றி அனுப்ப, அந்த ஆள் தப்பிவிட்டார். அவ்வளவுதான். "கைராசிக்காரன்" என்று பேர் எடுத்துவிட்டார். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பாரம். நான் கேட்பேன், கணவர்மார் பதில் சொல்வார்கள்: "பெரிய டொக்டரையே போடுங்கோ அண்ணை, இவவுக்கும் அவரையே போடுங்கோ." அந்த 'இவ' பின்னால் நின்றுகொண்டிருப்பா. நான் போட்டேன். பெண் டொக்டரின் கிளினிக்குக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று நகரசபையில் கேட்டபோது, அங்கே தமிழர்கள் போவதில்லை, வீண் செலவு என்று சொன்னவனும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை செயலாளர், "இன்னும் ஆறு பேருக்குத்தான் இடம் இருக்கிறது, பிறகு பட்டியலை மூடுகிறோம்" என்றார். எனக்குத் திக்கென்றது.

ஏனென்றால் என் மனைவியும் மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் வரும்போது மகளுக்கு மூன்று வயது. அவர்களைக் கூப்பிட எழுதிப் போட்டு ஒரு வருடம் கடந்திருந்தது. கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரியில் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறும். இங்குள்ள நீதி அமைச்சில் எங்கள் ஆட்களின் குடும்பக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருந்தார்கள் என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே போனது என்பதும் பின்னால் எல்லாரையும் போல நானும் பத்திரிகையில் படித்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மனைவியும் மகளும் ஒருநாள் வருவார்கள், வந்தால் நல்ல டொக்டர் வேண்டும் என்பதுதான்.

"எனக்காக இரண்டு இடத்தை வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். இங்கே அப்படி ஒரு வழக்கம் இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு வியாழனும் கடிதம் ஏதும் வந்ததா என்று என்னைக் கேட்பவரும் அவர்தான். நோயாளர் மட்டைகள் வைக்கும் பெட்டியை இழுத்து, இரண்டு வெறும் மட்டைகளை எடுத்து என் மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். மற்ற மட்டைகள் எல்லாம் தட்டச்சில் இருந்தன. இவற்றைப் பென்சிலால் எழுதி, பெட்டியின் கடைசியில் செருகினார். எனக்கு அழுகை வந்தது. லாச்சிக்குள் துண்டு ஒதுக்கத் தெரிந்த ஒரு டேனிஷ்காரியைக் கண்டுவிட்டேன் என்று சந்தோஷமும் வந்தது.

பட்டியலை மூடி இரண்டு வாரம் இருக்கும், ஓர் இளம் சோடி வந்தது. மன்னார்ப் பக்கத்து ஆட்கள், முகாமிலிருந்து முதல் நாள்தான் வந்து இறங்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம். யாரோ கொடுத்த கோட்டைப் போட்டிருந்தாள், வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்டவில்லை.

"பெரிய டொக்டரைப் போடுங்கோ அண்ணை," என்றான் கணவன்.

செயலாளர் மேசையில் திறந்திருந்த மட்டைப் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அது உண்மையான கேள்வி. கொடு என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அழிப்பானை எடுத்திருப்பார்.

"நிரம்பிவிட்டது என்று சொல்கிறேன்," என்றேன். பிறகு தமிழுக்கு மாறி, "இடம் முடிஞ்சுது தம்பி. மற்ற டொக்டரைத்தான் எடுக்க வேணும்," என்றேன்.

"ஏதும் செய்யேலாதே அண்ணை? இவ மாசமா இருக்கிறா. அங்காலை எண்டால் பஸ்ஸிலை எல்லோ போக வேணும்."

"நேரத்துக்கு வந்திருக்க வேணும். எனக்கென்ன, நான் இடத்தைப் பொக்கற்றுக்கையோ வைச்சிருக்கிறன்?" என்று சீறினேன். அவர்கள் முதல் நாள்தான் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சீறினேன். அந்தப் பெண் மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

அந்த மாரிக் குளிரில் தொழிற்சாலைக்குப் போகும்போது இரண்டு தடவை அவளைப் பஸ் தரிப்பில் கண்டேன். மழையும் பனியும் கலந்து கொட்டிய ஒரு நாளில், அதே கோட்டோடு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்து சைக்கிளை மிதித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் மாற்றிச் செய்திருப்பேனா என்று அன்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். பென்சில் மட்டைகள் அந்தப் பெட்டியில் இருக்கும்வரை என் ஆட்கள் வந்து சேர்வார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஊறிப்போயிருந்தது. வியாழக்கிழமைகளில், செயலாளர் கோப்பி எடுக்கப் போன நேரம், பெட்டியைத் திறந்து இரண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. கடைசியில் வந்தார்கள். மகள் என் கையைப் பிடிக்காமல் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விமானத்திலிருந்து வந்த கதை வேறு கதை.

வந்த மூன்றாம் நாள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்த மன்னார்ப் பெண். தள்ளுவண்டியில் அப்போதுதான் நடை பழகத் தொடங்கிய வயதுக் குழந்தை, அவள் கையில் மூடிய சட்டி. "அக்கா வந்திருக்கிறா எண்டு கேள்விப்பட்டன்," என்றாள். புதிதாக வருகிற பெண்ணுக்கு முதலில் இருப்பவர்கள் சமைத்துக் கொண்டுபோவது எங்கள் ஆட்களிடம் இருந்த வழக்கம். ஆனால் என் வீட்டுக்கு அவள் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. அவளும் என் மனைவியும் குசினிக்குள் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள்.

அடுத்த நாள் பாரங்களை மேசையில் வைத்தேன். பெரிய டொக்டரின் பெயரை எப்போதோ எழுதி முடித்திருந்தேன். கையெழுத்து மட்டும் தேவை. மனைவி பேனையை எடுக்கவில்லை.

"எனக்கு அந்தப் பிள்ளை போற டொக்டரைப் போடுங்கோ. பொம்பிளை டொக்டராம்."

"உனக்குத் தெரியாது. இவர் கைராசிக்காரர். ரெண்டு வருஷமா இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

"என்னட்டை ஆர் கேட்டது?"

பிறகு, மகள் அடுத்த அறையில் இருப்பதால் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஒரு வருடமாக அவளுக்கு மாதப் போக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடிதத்தில் எழுதவில்லை. "உங்களுக்கே எழுத வெக்கப்பட்டனான். அந்த மனுசனுக்கு முன்னாலை, நீங்கள் பக்கத்திலை இருந்து அவையின்ரை பாஷையிலை சொல்ல, நான் வாய் திறப்பனோ?"

இரண்டு வருடமாக இங்குள்ள எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் நான்தான் பாரம் நிரப்பினேன். எந்த டொக்டர் வேண்டும் என்று ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை, அதை என் மனைவிதான் எனக்குச் சொல்லிக் காட்டினாள். இரண்டு பாரங்களையும் கிழித்தேன். கோபத்தில்தான் கிழித்தேன், பொய் சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு புதிய பாரங்களிலும் அவள் கேட்ட டொக்டரின் பெயரை எழுதினேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: அந்த டொக்டர் அவளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கர்ப்பப்பையில் கட்டி. சத்திர சிகிச்சை செய்தார்கள், சுகமானது. இன்னும் ஒரு மாரி போயிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார்களாம். நான் நேரில் கேட்கவில்லை. எனக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னது வேறு ஆள்.

நான் கிளினிக்குக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது, செயலாளர் அந்த இரண்டு மட்டைகளையும் எடுத்து அழிப்பானால் மெதுவாக அழித்தார். யாருக்குக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மனைவி பெண் டொக்டரிடம் முதல் தடவை போன அன்று நானும் போனேன், மொழிபெயர்க்கத்தான். காத்திருக்கும் அறையில் அந்த மன்னார்ப் பெண் குழந்தையோடு எங்களுக்கு முதலே வந்து இருந்தாள். இங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாததால், பஸ்ஸில் தனியாக வந்து வந்து, அவளே டேனிஷ் பிடித்துவிட்டாள். அந்த டொக்டரும் படம் கீறிக் கீறிச் சொல்லிக் கொடுத்தாராம். நானில்லாததால் அவள் படித்த பாஷை அது. மனைவி மகளுக்குத் தண்ணீர் எடுக்க எழும்பிய நேரம், நான் சொல்லிவிட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு இடம் முடியேல்லை. ரெண்டு இருந்தது. நான் பொய் சொன்னனான்."

"தெரியும் அண்ணை," என்றாள். "பெட்டி திறந்துதானே கிடந்தது. கடைசியிலை பென்சிலாலை எழுதின ரெண்டு மட்டையை நான் பாத்தனான்."

"பாத்திட்டு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"ரெண்டு பேருக்குப் பின்னாலையும் உங்கடை பேர் எழுதியிருந்தது. வராத ஆக்களின்ரை இடமெண்டு விளங்கினது. அதைக் கேட்டு என்னெண்டு பறிக்கிறது?"

அப்போது கதவு திறந்து டொக்டர் என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டார், கொஞ்சம் பிழையாக. நான் பழக்கதோஷத்தில் எழும்பினேன். தண்ணீரோடு திரும்பி வந்த மனைவி என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். மன்னார்ப் பெண் எழுந்து தன் குழந்தையை என் மடியில் இருத்தினாள்.

"பிள்ளையைப் பிடிச்சிருங்கோ அண்ணை. நாங்கள் போட்டு வாறம்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது. மகள் அடுத்த கதிரையில் வந்து உட்கார்ந்து குழந்தைக்கு விரலைக் கொடுத்தாள். உள்ளே மனைவி கதைப்பதும் அந்தப் பெண் அதை டேனிஷில் சொல்வதும் கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. நான் வெளியே இருந்தேன்.