மேற்கே மலை, கிழக்கே வெடி

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில், பத்து மணி வெயிலில், எங்கள் சமையலறைச் சிமெந்துத் தரையில் உள்ளங்காலை வைத்திருந்தால் முதலில் ஒரு அதிர்வு வரும். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டில் யாரோ நெல் மூட்டையைத் தொப்பென்று போட்டதுபோல ஒரு சத்தம் கேட்கும். யுத்தம் ஓய்ந்து, கல்முனைக் கடல் மீண்டும் எல்லாருக்கும் திறந்த காலம் அது. என்ன சத்தம் என்று கேட்டால் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலை வைத்திருந்தார்கள்: "மலைக்கு வெடி வெக்கிறாங்க." கல் உடைக்கிற மலைகளோ நாவிதன்வெளி வயல்களையும் தாண்டி, மேற்கே இருந்தன. சத்தம் வந்தது கிழக்கே, கடல் பக்கமிருந்து. எட்டு வயதுப் பெண் பிள்ளைக்குக் கிழக்கும் மேற்கும் தெரியாதென்று ஒரு ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

சந்தேகப்படுவது எனக்கு உம்மாவிடமிருந்து வந்த சீதனம். "நம்ப நட, நம்பி நடவாதே" என்பதை மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்; உம்மா அதை மீனில் செய்து காட்டுவார். சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லாப் பெண்களும் செய்வதுதான். உம்மா அதோடு விடமாட்டார். மீனை உள்ளங்கையில் கிடத்தி, பெருவிரலால் முதுகெலும்பு நெடுக அமத்திக்கொண்டே போவார். எங்காவது எலும்பு விட்டுக்கொடுத்தால் அது "வெடி மீன்", கடலில் டைனமைட் எறிந்து கொன்றது. மீனுக்குத்தான் ஹலால் அறுப்பே இல்லையே, அது எப்படிச் செத்தால் என்ன என்று மீன்காரர் ஒருநாள் மார்க்கம் பேசப் பார்த்தார். "அறுக்காமத் தின்னலாம் எண்டுதான் சொல்லியிருக்கு, வெடி வெச்சித் தின்னச் சொல்லல்ல" என்று பெட்டியை மூடிக் கொடுத்தார் உம்மா. அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்குள் வரும்போது மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்.

உம்மா விரல் வைத்துப் பார்க்காத மீன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மாமா கொண்டு வருவது. மாமா உம்மாவின் ஒரே தம்பி; சின்னத் தோணியில் போய்த் தூண்டில் மட்டும் போட்டுத் தொழில் செய்கிறவர். கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில் "மூணாங்கல்லு" என்று கடலடிப் பாறை ஒன்று இருந்தது. கலவாயும் விளைமீனும் குடியிருந்த அந்தக் கல்லுக்குப் போய், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன்னால் ஒரு கோர்வை மீனோடு வந்து நிற்பார். கூடப்பிறந்தவன் கொண்டு வந்ததை அமத்திப் பார்க்கக் கூடாது என்பது உம்மாவின் சட்டம். உலகத்தில் அவர் முழுசாக நம்பிய ஆண் மாமா ஒருவர்தான். வாப்பாவுக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தரை அதிர்ந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும், மாமா வந்தார். கோர்வை அல்ல, ஒரு பை நிறைய மீன். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தூண்டில்காரனின் தலை ஏன் நனையவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பைக்குள் கலவாய் இருந்தது, தூண்டிலைத் திரும்பியும் பார்க்காத கிளிமீன் பச்சையும் நீலமுமாக இருந்தது, விரல் நீளக் குஞ்சுகளும் கிடந்தன. மாமாவின் மீன் வந்தால் எனக்கு ஒரு விளையாட்டு உண்டு. தூண்டில் குத்திய ஓட்டையைத் தேடி அதற்குள் சின்னவிரலை நுழைப்பேன். அன்றும் ஒவ்வொரு வாயாகத் திறந்து தேடினேன்.

"மாமா, இந்த மீனுக்கு ஓட்டையக் காணல்லியே. இதுக்கும் இல்ல."

மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றது. கத்தியை வைத்துவிட்டு, முதல் தடவையாகத் தம்பியின் மீனில் பெருவிரலை வைத்தார். எலும்பு விலகிய சத்தம் நான் இருந்த இடத்துக்கே கேட்டது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான்.

"தம்பி, காலையில சத்தம் மலையிலதானே?"

"ஓம் ராத்தா" என்றார் மாமா.

மீனைக்கூட உம்மா மன்னித்திருப்பார், அந்த "ஓம்"ஐ மன்னிக்கவில்லை. பை நிறைய மீனையும் வளவு மூலையில் குழி தோண்டிப் புதைத்தார். அன்று பகல் பருப்பும் முட்டையும்தான். மாமா சாப்பிட வரவில்லை. எனக்கு உம்மாவில்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, வாயைத் திறந்த என்னிலும் வந்தது. பிறகு பெருநாட்களுக்கு மாமா வந்தார், உம்மா சோறு போட்டார், பிள்ளைகள் சுகமா என்று கேட்டார். மீனைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கடலுக்குக் கல்லெறி தூரத்தில் இருந்துகொண்டு உம்மா குளத்து மீன் வாங்கத் தொடங்கினார். சேற்று மணம் என்று எங்கள் ஊர் மூக்கைப் பொத்துகிற மீன் அது.

இப்போது கலவாயும் கிளிமீனும் எங்கள் கரைக்கு வருவதில்லை. கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: வெளியூர்ப் பெரிய படகுகள், வயல் மருந்து, காலநிலை, கடற்கரையில் கொட்டுகிற குப்பை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சந்தேகம். சொல்லுகிற ஒருவரும் தன்னை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன மாதம் மாமாவை நச்சரித்து, 'பொம்புளப் புள்ள கடலுக்கா' என்று கரையில் இருந்தவர்களின் முணுமுணுப்பையும் கேட்காததுபோல, தோணியில் ஏறினேன். மூணாங்கல்லு இருந்த இடத்தில் மாமா நங்கூரத்தைப் போட்டார். அது பிடிக்கவில்லை, மணலில் இழுபட்டு, தோணி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நரைத்த தாடியோடு கயிற்றைப் பார்த்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார்: "மிதந்தத மட்டும்தான் அள்ளினன், புள்ள. முங்கிப் பாத்தா, கல்லு நொறுங்கிக் கெடக்கு, அதுக்கு மேல குஞ்சும் சினையுமா நெறஞ்சி கெடக்கு. கொண்டு வந்தத விட விட்டுட்டு வந்ததுதான் கூட."

எத்தனை தரம் எறிந்தீர்கள் என்று கேட்டேன். ஒருக்காத்தான் என்றார். ராத்தாவிடம் இதைச் சொல் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஒருக்காத்தானாம், நம்புகிறீர்களா என்று கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தம்பியையும் நம்பாத உம்மா, குளத்து மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"அவன் பொய் சொல்லல்ல மகள். எல்லாரும் ஒருக்காத்தான் எறிஞ்சிருப்பாங்க. ஊருல எத்தின தோணி எண்டு நீ எண்ணிப் பாரு."