அரை மில்லிமீட்டர்

“டப்பா மடிக்கறதுக்கு எதுக்கு டீச்சர் காலேஜு? ஸ்வீட் கடையில பேசிக்கினே மடிச்சுப் போடறாங்க.”

மகளைச் சேர்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டது இது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் நான் பேக்கேஜிங் டிசைன் நடத்துகிறேன். டப்பாவை மடிப்பது வேறு, அது எங்கே மடிய வேண்டும் என்று முடிவு செய்வது வேறு என்றேன். ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டாம் வருடம் அங்கே பயிற்சி, பிறகு வேலை என்றும் சொன்னேன்.

“நீங்க பாத்துக்குவீங்கன்னா சரி.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மடிப்புக் கோடு அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் மூடி உட்காராது என்பதுதான் என் முதல் பாடம். அதை அந்த விவசாயியின் மகள் அளவுக்கு யாரும் பிடித்துக்கொண்டதில்லை. இரும்பு ஸ்கேலும் கையுமாகத் திரிவாள். “அரை மில்லிமீட்டர் வருதுடி, ஒழுங்கா உக்காருங்க” என்று மற்ற பெண்கள் கிண்டல் செய்வார்கள்.

இரண்டாம் வருடம், தீபாவளிக்கு முந்தைய மாதம், அவர்களை அந்தக் கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்பினோம். மேற்பார்வைக்குப் போனபோது டிசைன் அறையில் எங்கள் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. எல்லோரும் கீழே ஸ்வீட் டப்பா வேலையில் இருந்தார்கள். அவள் பஞ்சிங் மிஷினில் நின்றாள். அச்சடித்த அட்டையைக் கையால் வைக்க வேண்டும். மிஷின் வாய் போல மூடி, டப்பா அளவுக்கு வெட்டித் திறக்கும். உள்ளே கை இருந்தால் மிஷினை நிறுத்த ஒரு கம்பி உண்டு. அந்தக் கம்பியை நைலான் கயிற்றால் தூக்கிக் கட்டியிருந்தார்கள்.

மேனேஜரிடம் கேட்டேன்.

“அது இருந்தா மிஷினு நின்னு நின்னு போவுது மேடம். ஆர்டர் ஜாஸ்தி. தீபாவளி முடிஞ்சதும் அவுத்துடறோம்.”

சண்டை போட்டால் அடுத்த வருடம் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று யோசித்தேன். டீ வந்தது. மேற்பார்வைப் படிவத்தில் ‘பாதுகாப்பு’ என்ற இடத்தில் ‘திருப்தி’ என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அன்றும் அழகாகவே போட்டேன்.

அடுத்த வாரம் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

“ஷீட்டு கோணலா போச்சு மேடம்,” என்றாள், ஆஸ்பத்திரியில். “அப்படியே வுட்டா மூடி உக்காராதுன்னு நேராக்கப் போனேன்.”

அவள் அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். “அவளே கைய வுட்டுட்டான்னு கம்பெனில சொல்றாங்க. அப்படியா டீச்சர்?”

குரலில் கோபம் இல்லை.

மறுநாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். “மாணவி அறிவுரையை மீறிட்டான்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடும்மா. ஒப்பந்தம் போச்சுன்னா மத்த பசங்க எங்க போவாங்க? உனக்கும் இன்னும் வேலை நிரந்தரம் ஆகல.”

அந்த இரண்டு வரியை நான் எழுதிக் கொடுத்தால் அவளுக்கு நஷ்டஈடு கிடைக்காது. விரல் போனது அவளுடைய தப்பு என்றே ஆகிவிடும். மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்டதும், மிஷின் பக்கத்தில் நின்று நான் யோசித்ததும் ஒன்றுதான். அதை இன்னொருவர் வாயில் கேட்கும்போது எவ்வளவு கேவலமாக இருந்தது.

இரண்டு பக்கம் எழுதினேன். கயிறு, மேனேஜர் சொன்னது, நான் குடித்த டீ, நான் எழுதிய ‘திருப்தி’ எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு பிரதியைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, இன்னொன்றோடு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

அவள் அப்பா வாசலில் நின்றபடியே மெதுவாகப் படித்தார்.

“உங்க மேலயும் தப்புன்னு எழுதியிருக்கீங்களே டீச்சர். வேலை போயிடாதா?”

“போனாலும் போகும்.”

தபால் ரசீதையும் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.