மச்சானைக் கீழே இறக்கிய மத்தியானம்

டாக்டர் என்னிடம் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். "நீங்க அவரைச் சிரிக்க வைக்காம இருந்தாப் போதுங்க." இதைவிடச் சுலபமான வேலையை எந்த ஆஸ்பத்திரியும் எந்த மனிதனுக்கும் கொடுத்திருக்காது. அதையும் நான் செய்யவில்லை.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம். நடவு வயலில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வண்டி கட்டி, பஸ் பிடித்து, புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் சேர்த்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. நெஞ்சு வியாதி என்றால் வக்கீல்களுக்கும் ஜமீன்களுக்கும் வருவது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். சேறு மிதிக்கிறவனுக்கு வருவது வாயுப் பிடிப்பு. கூட வந்த சொந்தக்காரர்கள் அப்படித்தான் தீர்ப்பெழுதியிருந்தார்கள்.

கூட வந்த சொந்தக்காரர்கள். இந்த மூன்று வார்த்தைகளை எழுதும்போதே எனக்கு இப்போதும் பல் கடிபடுகிறது. மச்சானின் சித்தப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கட்டிலுக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்துக் குடித்தனமே வைத்துவிட்டார். மச்சானின் பெரியம்மா, எனக்கு அத்தை முறை, கட்டிலுக்கடியில் வெற்றிலைப் பெட்டியும் துணி மூட்டையுமாக உட்கார்ந்துகொண்டார். இவர்கள் போக, தாழ்வாரத்தில் ஒரு பஸ் நிறைய ஆட்கள். வார்டில் ஒரு மறைப்புத் திரை உண்டு. அதாவது, இரும்புச் சட்டம் உண்டு. துணி சலவைக்குப் போய் யார் வீட்டுக்கோ வாழ்க்கைப்பட்டுவிட்டது. அந்தச் சட்டத்தில் மாமா தம் ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்தார். சிஸ்டர் எடுக்கச் சொன்னால், "வெயில் இங்கிட்டுத்தாம்மா விழுகுது" என்பார்.

அன்று மத்தியானம் மச்சானுக்கு முகம் தெளிந்திருந்தது. மாமா வெளியே பல் குத்தப் போயிருந்தார். நோயாளிக்குக் கொடுக்கிற ரொட்டியை முதல் நாள் மாமா எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மெத்தைக்குள்ள வைக்கிற பஞ்சுப்பா, ஆள் மாத்திக் குடுத்துட்டாங்க" என்றவர், பிறகு அந்தப் பஞ்சு முழுவதையும் தாமே தின்றிருந்தார். நான் அதை நடித்துக் காட்டினேன். மாமாவின் மூக்கு, மாமாவின் மெல்லல், கடைசியில் மாமாவின் ஏப்பம்.

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். "போதும் மாப்ள, வலிக்குது" என்றார். அப்படியே தலையணையில் சாய்ந்தார். கண் பாதி திறந்திருந்தது.

நல்ல நடிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நானும் இன்னொரு ஏப்பம் விட்டேன். "மச்சான், ரொம்ப நடிக்காதீங்க" என்று விலாவில் இடித்தேன். அசைவில்லை. தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்த அக்கா விசிறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஏற்ற நகைச்சுவை ஒன்றை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

சிஸ்டர் எப்போது வந்தார் என்று தெரியாது. கழுத்தில் விரல் வைத்தார். "டாக்டரைக் கூப்பிடு, ஆக்சிஜன் கொண்டா" என்று வார்டு ஆயாவை விரட்டினார். டாக்டர் சின்ன வயசு. மதுரையில் படித்துவிட்டு வந்து அதிக நாளாகவில்லை. ஓடி வந்தவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். அடுத்த நொடி கையை மடக்கி ஓங்கி ஒரு குத்து விட்டார். நாங்கள் சிகிச்சைக்குத்தானே வந்தோம், வரப்புத் தகராறுக்கா வந்தோம் என்று எனக்குத் திகைப்பு. பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நெஞ்சை அமுக்கினார். ஸ்பிரிங் கட்டில் தொட்டில் மாதிரி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. நெஞ்சு அமுங்கவில்லை, கட்டில்தான் அமுங்கியது.

"இதுல முடியாது. கீழ எறக்குங்க."

அங்கேதான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் கட்டிலில் உயிர் போகவிட மாட்டோம். கடைசி நேரம் என்று தெரிந்தால் தரையில் இறக்கிவிடுவோம். இறக்கிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. டாக்டருக்கு வேண்டியது கெட்டியான தரை. மறைப்புத் திரையில்லாததால், மச்சானைத் தரையில் இறக்கியதை வார்டு வாசலில் நின்று பார்த்த எங்கள் கூட்டத்துக்கோ, ஆள் போய்விட்டார் என்ற சேதி வந்து சேர்ந்துவிட்டது.

அத்தை முதல் குரல் எடுத்தார். தாழ்வாரம் முழுக்கப் பின்பாட்டு. அந்த இரைச்சலுக்கு நடுவில் டாக்டர் முட்டி போட்டு அமுக்குகிறார். வார்டு அட்டெண்டர், பீடியை அப்போதுதான் வெளியே எறிந்துவிட்டு வந்த மனுஷன், மச்சானின் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதுகிறார். சிஸ்டர் மருந்தை ஏற்றிய நீண்ட ஊசியை நீட்ட, டாக்டர் அதை நேராக நெஞ்சுக்குள்ளேயே இறக்குகிறார். ஆயா உருட்டி வந்த ஆக்சிஜன் சிலிண்டர் அத்தையின் துணி மூட்டையில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"மூட்டையை எடுங்கம்மா."

"எம் புள்ளயே போயிட்டான், மூட்டையை வச்சு நான் என்னத்தச் செய்ய" என்று அழுதாரே தவிர, அத்தை எடுக்கவில்லை. நான்தான் காலால் தள்ளினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அதோடு விட்டாரா அத்தை? முந்தானையின் ஓரத்தைக் கிழித்து மச்சானின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். தலைப்பக்கம் மூன்று பேர் ஓர் உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க, கால்பக்கம் வழியனுப்பு நடக்கிறது. அக்கா குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். அத்தை மறுபடி கட்டினார். அக்கா மறுபடி அவிழ்த்தாள்.

மாமா என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். "மாப்ள, கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன். கோடி ஒங்க வீட்டுதுதான். சவுளிக்கடைக்காரன் கடையை அடைச்சுட்டுச் சாப்புடப் போயிருவான், ஓடு."

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற சேலை கோடி. அறிவுள்ளவன் என்றால் "அங்க இன்னும் அமுக்கிக்கிட்டு இருக்காங்களே மாமா" என்று கேட்டிருப்பான். நான் ஓடினேன். உண்மையைச் சொன்னால், யாராவது எங்கேயாவது ஓடு என்று சொல்லமாட்டார்களா என்று என் கால்கள் அதுவரை காத்துக்கொண்டிருந்தன. செருப்பு வார்டிலேயே கிடந்தது. தார் ரோட்டில் வெறுங்கால் சுட்டதுகூடக் கடை வாசலில்தான் உறைத்தது.

"என்ன விசேசங்க?" என்றார் கடைக்காரர்.

"கோடிச் சேலைங்க. எங்க மச்சான் தவறிட்டாரு."

"அடடா. எப்பங்க?"

"இப்பத்தாங்க. நெஞ்சை அமுக்கிக்கிட்டு இருக்காங்க."

அவர் சேலையை எடுத்துத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது. "அமுக்கிக்கிட்டு இருக்காங்களா? அப்ப நீங்க ஏங்க இங்க வந்தீங்க?"

ஆவுடையார்கோவிலிலிருந்து புறப்பட்ட அத்தனை பேரில் ஒருவர் தலையிலும் உதிக்காத கேள்வி. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினேன்.

தாழ்வாரத்தில் அழுகைச் சத்தம் இல்லை. அழுது முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வார்டு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே எட்டிப் பார்க்கத் தெம்பில்லை. அப்போது ஒரு நலிந்த குரல் கேட்டது.

"எவன்டா எனக்குப் பீடி குடுத்தது? வாயெல்லாம் நாறுது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் கடையில் நின்ற நேரத்தில் மச்சானுக்கு நாடி திரும்பி, தானாக மூச்சு வந்து, கண்ணும் திறந்திருக்கிறது. டாக்டர் சுவரில் சாய்ந்து சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் இன்னும் தரையில்தான். மூக்கில் ஆக்சிஜன். கால்மாட்டில் அக்கா, அவிழ்த்த துணித்துண்டை உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு.

"காலைக் கட்டினது யாருங்க?" என்றார் டாக்டர். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். எல்லோரும் அத்தையை விட்டுவிட்டு, சட்டத்தில் காய்ந்த மாமாவின் வேட்டியைப் பார்த்தார்கள். "நான் இங்க ஒருத்தரைப் பொழைக்க வைக்கணும்னா, மொதல்ல ஒங்க எல்லாரையும் பஸ் ஏத்தி விடணும் போல."

"நீங்கதானே கீழ எறக்கச் சொன்னீங்க" என்றார் மாமா, தப்பெல்லாம் டாக்டர் மேல் என்பதுபோல.

டாக்டர் மாமாவின் வேட்டியைச் சட்டத்திலிருந்து உருவி அவர் கையில் கொடுத்தார். "மறைக்க ஒரு துணி இருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா சிஸ்டர்?"

"எழுதிக் கேட்டாச்சு சார்" என்றார் சிஸ்டர்.

அக்கா அப்போதுதான் என்னைக் கவனித்தாள். "கையில என்னடா பொட்டலம்?"

வாழ்நாள் முழுக்க நாக்கை வைத்தே பிழைத்தவன் நான். அன்று சுண்டல் என்றாவது சொல்லியிருக்கலாம். அவளே வாங்கிப் பிரித்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. விழப்போகிற அடி எனக்கா மாமாவுக்கா என்பதுதான் பாக்கி என்று நின்றேன். அவள் சேலையை முழுசாக உதறினாள். அந்த இரும்புச் சட்டத்தின் மேல் போட்டாள். ஓரத்தை இழுத்து, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு, அந்தப் பக்கம் ஒரு முடிச்சு. அத்தையின் துணித்துண்டு நடுவில் ஒரு முடிச்சுக்கு உதவியது. சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து மச்சானுக்கும் எங்களுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள்.

திரைக்குப் பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "இது என்ன புதுசா இருக்கு? யார் எடுத்தா?"

"ஒங்க மாப்ள."

"பரவாயில்லயே. ஒனக்கு ஒரு பொங்கலுக்குக்கூட எடுத்துக் குடுத்ததில்ல."

சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். டாக்டர் சொன்ன வேலையை அன்று முதல் தடவையாக ஒழுங்காகச் செய்தேன்.