கோபுர வீட்டின் முதலாம் மாடி

போன இலையுதிர்காலத்தில் மொன்ட்ரியால் மலைச்சரிவில் ஒரு பழைய கல்வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்தார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வணிகர் ஒருவர் தம் நாட்டுக் கோபுர வீடுகளின் சாயலில் கட்டியது. நான் இதே நகரத்தின் கட்டட அனுமதி அலுவலகத்தில் வரைபடங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வுபெற்றவன். வழிகாட்டி எதற்கு என்று நண்பரையும் அவர் மனைவியையும் நானே கூட்டிப்போனேன்.

அசல் கோபுர வீட்டில் தரைத்தளம் வெறும் களஞ்சியம். கல் வளைவுக் கூரை, வெளிச்சம் குறைவு. குடும்பம் வாழும் மண்டபமும் வாசலும் மேலே. ஏணியில் ஏறிவிட்டு, பகைவர் ஏறாதபடி ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பகை ஓய்ந்த பிறகு கீழே கதவு வெட்டினார்கள். காவல் கோபுரங்கள் அலங்காரமாயின. நம் வணிகருக்குப் பகைவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மண்டபத்தை மேலே வைத்து, ஒடுக்கமான சுழல்படியும் கட்டியிருந்தார். இதையெல்லாம் ஏறும்போதே சொன்னேன்.

"அண்ணை, எனக்கு மூச்சு வாங்குது. எதிரியெண்டா பாதியிலை திரும்பியிருப்பான்," என்றார் நண்பர்.

"ஓம், அவனுக்கும் உங்களை மாதிரி வயிறு இருந்திருந்தா," என்றார் மனைவி.

மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. நண்பர் திடீரென நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார். முகமெல்லாம் வியர்வை. அவசர சேவைக்கு அழைத்தேன். முகவரி, குறுக்குத் தெரு, வயது, நிலைமை, மாடி என்று எல்லாவற்றையும் ஒழுங்காக ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாம் மாடி என்றேன்.

சைரன் வந்து நின்றது. ஒருவரும் மேலே வரவில்லை. இந்த ஊரில் தரைத்தளம்தான் முதலாம் மாடி. நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் படியேறினால்தான் முதலாம் மாடி, ஸ்கொட்லாந்திலும் அப்படியே. வந்தவர்கள் கீழே களஞ்சிய அறைகளுக்குள் தேடிக்கொண்டிருக்க, நான் தொலைபேசியில் அதே விவரத்தை இன்னும் தெளிவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நண்பரின் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர். ஜன்னலைத் தள்ளித் திறந்து, பிள்ளைகளை அதட்டும் குரலில் கத்தினார்: "ஆன் ஓ! ஆன் ஓ! மேலை வாங்கோ!"

'மேலே' என்பதற்கான அந்தக் காப்பகப் பிரெஞ்சு அவர்களுக்குப் புரிந்தது. ஓடி வந்தார்கள்.

நண்பர் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி, "அண்ணை, கட்டினவன் கெட்டிக்காரன். காப்பாத்த வந்தவனையே உள்ளை விடேல்லை," என்றார். அந்தப் பழியை வணிகர் மேல் போட்டது அவருடைய பெருந்தன்மை.

எத்தனை வருஷம் ஓர் ஊரின் விதிகளோடு வாழ்ந்தாலும், பதற்றத்தில் மனிதன் பிறந்த ஊரின் கணக்கில்தான் எண்ணுகிறான். அதனால் இப்போதெல்லாம் எவருக்கும் மாடி எண்ணைச் சொல்லாமல், எத்தனை படிவரிசை ஏற வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.