பேட்டைக்குப் போட்ட போன்

போன் எடுக்கிற வேலையில திட்டு முதல்ல வரும், திட்டுற ஆளோட பேரு அப்புறமாத்தான் வரும். அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டாம். நான் இருக்கிறது பேட்டையில ஒரு மோட்டார் ரிப்பேர் கடை. முப்பது வருசம் காயில் சுத்தினேன். கண்ணு மங்கினதும் முதலாளி என்னைப் போன் பக்கத்தில உட்கார வச்சார். அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு அது போதும்னு நானும் உட்கார்ந்துட்டேன்.

ரெண்டு லைன்

எங்க மெக்கானிக் ரெண்டு பேரும் கடையில இருக்கமாட்டாங்க. இசக்கி ஆத்துப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில, அந்தோணி கடல் பக்கம் உவரியில. அவனவன் பக்கத்து மோட்டாரை அவனவன் பார்க்கணும். கடையில இருந்தது ரெண்டு லைன். ஒண்ணுல ஆள் கூப்பிட்டா, இன்னொண்ணுல இசக்கியைப் பிடிச்சு, பட்டனை அமுக்கி ரெண்டு பேரையும் சேர்த்து விடுவேன். பேசுறது அவங்க; மாட்டிக்கிட்டு நிக்கிறது நம்ம ரெண்டு லைனும்.

இசக்கி மோட்டாரை விசாரிச்சு, மழையை விசாரிச்சு, கோயில் கொடைத் திருவிழா என்னைக்குன்னு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் அடுத்த ஆளுக்கு லைன் கிடைக்காது. பாதிப் பேர் வேற கடைக்குப் போயிருவாங்க. சேரன்மகாதேவிக்காரர் ஒருத்தர் மட்டும் நேராவே வந்து நின்னார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுச் சொன்னார்: "உம்ம லைன் கிடைக்கதுக்கு முன்ன எனக்கு பஸ் கிடைச்சிட்டு, வே."

தலைமடை

முதலாளி புது ஏற்பாடு ஒண்ணு செஞ்சார். நம்பர் அதே நம்பர்தான். கூப்பிட்டா ஒரு மிஷின் பேசும். ஆத்துப் பக்கத்து ஊருன்னா ஒண்ணை அமுக்கணும், கடல் பக்கம்னா ரெண்டு. போன் நேரா இசக்கிக்கோ அந்தோணிக்கோ போயிரும். நம்ம லைன் சும்மாவே கிடக்கும். எனக்கு ஒரே ஆச்சரியம். "பேட்டைக்குப் போட்ட போன் பேட்டைக்கே வராம எப்படிப் போவும்?"னு அதை மாட்ட வந்த போன் கம்பெனிக்காரர்கிட்ட கேட்டேன். அவர் ஒரு தாள்ல படம் போட்டுக் காட்டினார். படம் புரியல. ஆனா விஷயம் புரிஞ்சிட்டு. நம்ம வயலுக்குள்ள வந்து அடுத்த வயலுக்குப் போன தண்ணியை, இப்பத் தலைமடையிலயே திருப்பி விட்டுருதாங்க.

புரிஞ்சதும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அப்ப நான் எதுக்கு? முதலாளி என் முகத்தைப் பார்க்காம சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் இரும் அண்ணாச்சி, பாப்போம்."

ரெண்டு மணி

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு வழக்கம். ரெண்டு மணி அடிக்க விட்டுட்டு வச்சிருவாங்க. நான் நம்பரைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிடணும். கூப்பிட்டா, "ஏன் இவ்வளவு நேரம்?"னு கேட்பாங்க. புது மிஷினுக்கு இந்த மரியாதை தெரியல. முதல் மணியிலயே எடுத்து வணக்கம் சொல்லிரும், அவங்க பைசா போயிரும்.

பத்தமடைக்காரர் ஒருத்தர் நாலு தடவை முயற்சி பண்ணிட்டுக் கடைக்கே வந்தார். "முந்திக்கிட்டு முந்திக்கிட்டு எடுக்கு. ஒரு மிஸ்டு கால் கொடுக்க விடுதா, வே?"

கிணத்துக்குள்ள

இசக்கி கிணத்துக்குள்ள இறங்கும்போது சட்டையைக் கழற்றி மேட்டுல வச்சிருவான். போன் சட்டைப்பையில இருக்கும். ஒருநாள் வீரவநல்லூர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட, போன் அந்தச் சட்டையில போய் அடிச்சிருக்கு. எடுத்தது கிணத்துக்காரர். பிறகு இசக்கியே வந்து இதைச் சொல்லிச் சிரிச்சான். கிணத்துக்காரர் சொன்ன பதில்: "இன்னைக்கு இசக்கி எங்க கிணத்துக்குள்ள கெடக்கான். நாளைக்கு நீங்க எடுத்துக்கிடுங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வரல. மெக்கானிக் எடுக்கலைன்னா போன் கடைக்கே திரும்பணும்னு கம்பெனியில சொல்லி வச்சிட்டு, இசக்கியை ஒரு பார்வை பார்த்தார். "இனிமே சட்டையில போனை அப்படியே விடாதலே, இறங்கும்போது அணைச்சு வையி."

சத்தம்

மாசக் கடைசிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, அப்படித் திரும்பி வந்தது ஒரு போன். உடன்குடிப் பக்கத்து அம்மா. முருங்கைத் தோட்டம், மோட்டார் ஓடல, அந்தோணி எடுக்கல. அழுகிற குரல். "போனை மோட்டார் பக்கத்துல பிடிச்சு, சுவிட்சைப் போடு தாயி"ன்னேன். 'ம்ம்ம்'னு உறுமுது, சுத்தல. "உடனே அணைச்சிரு. கெப்பாசிட்டர் போயிட்டு. இன்னும் கொஞ்சம் விட்டா காயில் கருகிரும்"னேன். சாயங்காலம் அந்தோணி கெப்பாசிட்டரை மாத்தினான், தண்ணி வந்துட்டு.

மறுநாளும் அந்தோணி எடுக்காம அந்த அம்மா போன் கடைக்கு வந்தப்ப, முதலாளிதான் எடுத்தார். அவங்க பேசினது எனக்கே கேட்டுது: "மிஷினு நம்பரைத்தான் கேக்கு. மோட்டாரை யாரு கேப்பா? நேத்து கேட்டாரே, அந்த அண்ணாச்சி இருக்காரா?"

மூணு

இப்ப மிஷின் கூடுதலா ஒண்ணு சொல்லுது: மோட்டார் சத்தம் கேட்டுச் சொல்ல மூணை அமுக்கவும். அது என் நாற்காலிக்கு வருது. ஓடுற மோட்டாரையும் நல்லாத்தான் இருக்கான்னு கேட்கச் சொல்லுதாங்க. போன வாரம் அதே சேரன்மகாதேவிக்காரர் மறுபடியும் துண்டோட வந்து நின்னார். "ஒண்ணு கிடைக்கு, ரெண்டு கிடைக்கு. மூணை அமுக்கினா மட்டும் எப்பப் பாத்தாலும் பிஸி, வே."

கடையில ரெண்டு லைனும் விடுதலை ஆன பிறகு, மாட்டிக்கிட்டு நிக்கிறது நான் ஒருத்தன்தான்.