மண்ணுக்குள் போன குரல்

போன வாரம் படப்பையில் நண்பன் முரளி வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன். ஷிப்ட் முடிந்தால் மைக்கும் கையுமாக உட்கார்ந்து, முகம் தெரியாத வெளியூர்க்காரர்களோடு பேசுவான்.

பேசுவான் என்றா சொன்னேன்? கத்துவான். பதில்தான் வராது.

காரணம், ஆன்டெனா. மாடியில் கம்பி கட்டினால் இடி விழும் என்று ஹவுஸ் ஓனர் எஸ்தர் அக்கா தடை போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் காம்பவுண்டு சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தான். கம்பி தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தால், அனுப்புகிற பவரில் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடுமாம்.

"நான் பேசுறது மொத்தமும் மண்புழுவுக்குத்தான் கேக்குது" என்றான்.

நான் சிரித்து முடிப்பதற்குள் எஸ்தர் அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் போன். கண்கள் சிவந்திருந்தன. மகள் ஷீபா போர்ட் பிளேரில் நர்ஸ். அங்கே புயல். முந்தின நாளிலிருந்து லைன் கிடைக்கவில்லை.

"முரளி, உன் ரேடியோ அந்தமான் வரிக்கும் போவுமா?"

"இந்தக் கம்பில பக்கத்துல இருக்குற வல்லம் வடகாலே தாண்டாதுக்கா. மேல கட்டணும்."

அக்கா ஒரு கணம் வானத்தைப் பார்த்தார் — இடி ஏதாவது தயாராக இருக்கிறதா என்று. பிறகு அவரே போய் ஏணியைத் தூக்கி வந்தார்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரை கம்பி ஏறியது. முரளி கூப்பிட்டான்... கரகரப்பு. மறுபடி கூப்பிட்டான்... அதே கரகரப்பு. அக்கா ஜெபிக்க ஆரம்பித்தார்.

ஒருவழியாக ஒரு குரல் கேட்டது. போர்ட் பிளேர்காரர், அதுவும் தமிழர். விஷயத்தைக் கேட்டவர், ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னார். காத்திருந்தோம். யாரும் டீயைத் தொடவில்லை.

"உங்க பொண்ணு நல்லா இருக்காங்க. டூட்டியில இருக்காங்க."

அக்கா அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். முரளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மேலே கட்டிய கம்பிக்கு அன்றைக்கே நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது.

லைன் சரியானதும் ஷீபாவே அம்மாவைக் கூப்பிட்டாளாம். அக்கா ஆசையாக ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"உன் போன் இல்லாம இப்பதான் கொஞ்சம் நிம்மதியா இருந்தேன்... அதுக்குள்ள வார்டுக்கே ஆள் அனுப்பிட்டியாம்மா?"

ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டலாம் என்று மகள்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.