ஃபியாஸ்கோவும் இரண்டு கிலோ எடைக்கல்லும்

திங்கட்கிழமை காலை ஜோன் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நேற்றைய விருந்து ஒரே ஃபியாஸ்கோ" என்றாள். கொதிகலன்களைச் சோதிக்கும் இந்த இங்கிலாந்து அலுவலகத்தில் அவள் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. பாலிடெக்னிக்கில் அகராதி பார்த்துப் படித்த சொல் அது: படுதோல்வி. "யாருக்கு அடி?" என்று கேட்டேன். சிரித்தாள். ஜெல்லி உறையவில்லையாம், அவ்வளவுதான்.

மதியம் அகராதியைப் புரட்டினேன். இத்தாலியில் ஃபியாஸ்கோ என்றால் பாட்டில். அங்கே நாடகம் சொதப்பினால் "பாட்டில் செய்தார்கள்" என்பார்களாம். ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. கண்ணாடி ஊதுபவர், கைதவறிக் கோணிப்போன நல்ல பாத்திரத்தைச் சாதாரண பாட்டிலாக்கிவிடுவார் என்று ஒரு கதை உண்டு. குறிப்பேட்டில் தோல்விக்கு இவர்கள் சொல்லும் டட், ஃப்ளாப் இரண்டுக்கும் கீழே மூன்றாவதாக எழுதிக்கொண்டேன். தோல்வியை இவர்கள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் எங்கள் அரிசி மில். அங்கே எந்த இயந்திரத்தையும் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லக் கூடாது. மோட்டார் புகைந்தாலும் "படுத்திருக்கு" என்போம். டிப்ளமா முடித்த புதிதில், கொதிகலனின் தகடு தேய்ந்துவிட்டது என்றேன். "மில்லுக்குள்ள அந்தப் பேச்சு வேணாம்மா" என்று அப்பா கற்பூரம் ஏற்றினார். அப்பா இப்போது இல்லை. மில்லைப் பார்ப்பவன் தம்பி சேகர்.

அன்று மாலை வீட்டில் அவன் கடிதம் கிடந்தது. கார்த்திகை தீபத்துக்கு அன்னதான அரிசி கேட்கிறார்களாம், மில் நிற்பதே இல்லையாம். "நெல் அவிக்கிற பாய்லர்ல சேஃப்டி வால்வு சும்மா சும்மா சீறுதுக்கா. ரெண்டு கிலோ எடைக்கல்லு ஜாஸ்தியா தொங்கவிட்டேன். இப்ப சத்தமே இல்ல."

அழுத்தம் மிஞ்சும்போது ஆவியை வெளியே விடத்தான் அந்த வால்வு. எடை கூடினால் அது திறக்காது, கொதிகலனே வெடிக்கலாம். கடிதம் எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கெட்ட கண்ணாடி பாட்டிலாகலாம். கெட்ட கொதிகலன் வேறெதுவாகவும் ஆகாது. அதன் பக்கத்தில் எப்போதும் நாலு பேர் வேலை செய்வார்கள்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து மில்லுக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து இணைப்பு கிடைத்தது.

"சேகர், கல்லை எடு. நெருப்பை அணை. பாய்லர் கெட்டுப்போச்சு."

"ஏங்கா வாயால அப்படிச் சொல்ற? வெள்ளக்காரிச்சியாவே ஆயிட்ட."

"அணைச்சியா இல்லையா?"

"நேத்தே நிறுத்திட்டேன்கா. நீ குளுருல உடம்பப் பாத்துக்கோ."

அவனுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் குரல் கொடுத்தது தெளிவாகக் கேட்டது: "சேகரண்ணே, அடுப்புக்கு இன்னும் உமி தள்ளட்டுமா?"

இணைப்பு அறுந்தது. மீண்டும் பதிவு செய்தேன். லைன் இல்லை என்றார்கள்.

மேசையில் இந்த ஊர்க் கொதிகலன் ஒன்றின் சோதனைத் தாள் என் கையெழுத்துக்காக விரிந்திருந்தது. அழுத்தம் சரி, வால்வு சரி என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டேன். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய், ஊர் நேரத்துக்காக ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தது.